அசரியா பேராயரின் வாழ்க்கையை எழுதப் போய் நான் பட்ட பாடு

வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்து 2024 ஆகஸ்டு 17-ஆம் தேதியோடு 150 ஆண்டுகள் ஆயின. இந்தியர்களுக்குள் முதன்முதலாக ஆங்கிலிக்கன் சபையில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த சபையில், பேராயர் (பிஷப்) ஆனவர் அவர். அந்த விழாவுக்குத் தமிழில் ஒரு சிறிய வாழ்க்கை வரலாறு வேண்டும், அதை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று ஒரு விழாக் குழுவினர் என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நான் தூத்துக்குடி மாவட்டத்தில் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், கையில் ஓய்வூதியம் உண்டு. செலவுக்கு 1 லட்சம் ரூபாய் தருவதாக வாயால் சொன்னார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். முடிவில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. என் பணத்தில் 70,000 ரூபாய்க்கு மேல் வீணாகப் போனது, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போயின, விழாவும் புத்தகம் இல்லாமலே நடந்து முடிந்தது. வழியில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. தன் ஊர்ச் சபையைப் பற்றியோ ஒரு பேராயரைப் பற்றியோ ஒரு மிஷனெரியைப் பற்றியோ எழுத நினைக்கிற எவரும் என்னைப்போல் அலைய வேண்டாம் என்பதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஊரிலிருந்தே தொடங்கினேன். அசரியா 1874-இல் பிறந்தது திருச்செந்தூருக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளாளன்விளை. தேரி என்னும் செம்மணலும் பனையும் நிறைந்த பகுதி. தகப்பனார் தாமஸ் வேதநாயகம் அங்கே குருவானவராக இருந்தார். 1889-இல் அவர் இறந்தபோது அசரியாவுக்கு வயது பதினைந்துதான். அதற்குப் பிறகு தாயார் எலனின் கண்டிப்பில் வளர்ந்தவர். இவ்வளவும் எல்லாப் பிரசுரங்களிலும் இருக்கிறது. இதைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தால் ஒரு பிரசுரம் சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. மூல ஆவணத்தைத் தேட வேண்டும் என்று முடிவு செய்தேன். இங்கே முதல் பாடம். திருநெல்வேலிப் பகுதியில் இரண்டு ஆங்கிலிக்கன் சங்கங்கள் தனித்தனியாக வேலை செய்தன. மெஞ்ஞானபுரம், பாளையங்கோட்டை, வெள்ளாளன்விளை ஆகியவை சர்ச் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்தவை. நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் ஆகியவை எஸ்.பி.ஜி. என்னும் சுவிசேஷப் பரப்புதல் சங்கத்தைச் சேர்ந்தவை. இவற்றில் சில ஊர்களுக்கு நடுவே சில மைல் தூரம்தான், ஆனால் முன்னதன் ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலும் பின்னதன் ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டிலும் இருக்கின்றன. நீங்கள் தேடும் ஊர் எந்தச் சங்கத்தின் கீழ் இருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எவருக்கும் கடிதம் எழுதாதீர்கள். இன்னொன்று: திருநெல்வேலிக்கென்று தனிப் பேராயம், அதாவது ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதி, 1896-இல்தான் உண்டானது. அங்கே மிஷனெரிகளாக இருந்த கால்டுவெல்லும் சார்ஜெண்டும் 1877-இல் பேராயர் அபிஷேகம் பெற்றபோதுகூடச் சென்னைப் பேராயருக்கு உதவிப் பேராயர்களாகத்தான் இருந்தார்கள். ஆகவே 1896-க்கு முந்தைய மேலிடக் கடிதங்களைச் சென்னையின் பெயரில் தேட வேண்டும்.

அசரியாவின் ஞானஸ்நானப் பதிவின் நகல் ஒன்றைப் புத்தகத்தில் அச்சிட வேண்டும் என்பது எனக்கு ஆசை. லண்டனில் உள்ள பழைய இந்திய அலுவலக ஆவணங்களில் தேடி எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொன்னார். 8,500 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். மாதக்கணக்கில் பதிலே இல்லை. பிறகு "கிடைக்கவில்லை" என்று ஒரு வரி வந்தது, பணம் திரும்பவில்லை. லண்டனில் இருக்கும் அந்தத் திருச்சபைப் பதிவுகளில் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடைய பெயர்களும் ஆங்கிலோ-இந்தியர்களுடைய பெயர்களும்தான் இருக்கும். கிராமத்து மிஷன் சபைகளில் தமிழர்கள் பெற்ற ஞானஸ்நானம் அந்தந்தச் சேகரத்தின் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) பதிவேட்டிலேயே தங்கிவிட்டது. இந்த வேலையையே தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. உங்கள் தாத்தாவின் பதிவைத் தேடுவதானாலும் சரி, முதலில் சேகரத்துக் குருவானவரிடம் போய், பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பக்கங்கள் பொடிந்துபோகிற நிலையில் இருந்தால் நகல் இயந்திரத்தில் வைத்து அழுத்தாதீர்கள், ஜன்னல் வெளிச்சத்தில் கைபேசியால் படம் எடுத்தால் போதும்.

அவருடைய இளமைக் காலத்தை எழுதுவது சுகமாக இருந்தது. மாணவராக இருந்தபோதே கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குள் இருந்த சாதி வேற்றுமையை எதிர்க்க ஒரு சங்கம் தொடங்கியவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார், பட்டம் வாங்காமலே வெளியேறினார், 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வேலையில் சேர்ந்தார். 1898-இல் அன்பு மாரியம்மாளை வரதட்சணை வாங்காமல் மணந்தார். அந்த அம்மாள் அந்தக் காலத்திலேயே கல்லூரிப் படியேறியவர். பின்னாளில் அசரியா பேராயராக இருந்த தெலுங்கு நாட்டு டோர்னக்கல்லில் நடந்த வேலையில் பாதி அந்த அம்மாளுடையது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் பழைய பிரசுரங்களில் அவருக்கு இரண்டு வரிகூட இல்லை. 1902-இல் அசரியா யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில் தங்கள் ஆட்களையே மிஷனெரிகளாக அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டார். அது அவரைச் சுட்டது. அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் முன்னணியில் நின்றார். பனையேறிகளும் சிறு விவசாயிகளும் போட்ட காணிக்கையில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர் போனார்கள் என்பதை எழுதுகையில் எனக்குக் கண் கலங்கியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "இந்தியாவின் முதல் இந்தியப் பேராயர்" என்று பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். கேரளத்தின் சிரியன் சபைகளுக்கு அதற்கு நெடுங்காலம் முன்பே மலையாளிகள் மெத்ராபோலித்தாக்களாக, அதாவது தலைமைப் பேராயர்களாக, இருந்தார்கள். 1896-இலேயே சிரியன் கத்தோலிக்கருக்கு உள்ளூர் ஆயர்கள் நியமிக்கப்பட்டார்கள். அசரியா ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். "முதல்" என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எதற்குள் முதல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவருடைய பெருமை அதனால் குறையப்போவதில்லை.

என்னை உண்மையில் உடைத்தது பணம் அல்ல. 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா பேராயர் அபிஷேகம் பெற்றார். அந்த நாளுக்கு முந்தைய மாதங்களில் அவருக்கு எதிராகக் கிளம்பிய எதிர்ப்பு சாதாரணமானதல்ல. ஒரு இந்தியரின் கீழ் வெள்ளைக்காரர் வேலை செய்வதா என்று மிஷனெரிகளில் சிலர் முறையிட்டார்கள். நம்முடைய மக்களிலும் சாதியைச் சொல்லி எதிர்த்தவர்கள் இருந்தார்கள். நாடார் குலத்தில் பிறந்தவர் தங்களுக்கு மேலே பேராயராக வருவதைத் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினரால் ஏற்க முடியவில்லை. சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் விடாப்பிடியாக அவர் பக்கம் நின்றிராவிட்டால் காரியம் நடந்திருக்காது. இதை ஒரு முழு அத்தியாயமாக எழுதி, குழுவுக்குப் படிக்கக் கொடுத்தேன். ஒரு மாலை நால்வர் வந்து உட்கார்ந்தார்கள். "டீச்சர், இது விழா மலர். சாதிப் பேச்சு வேண்டாம். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள்" என்றார் மூத்தவர். "அவரே வாழ்நாள் முழுக்க எதிர்த்து நின்ற விஷயம் ஐயா அது. அதை எடுத்துவிட்டால் யாரைப் பற்றிப் புத்தகம் போடுகிறோம்?" என்று கேட்டேன். காப்பி ஆறிப்போகும் வரைக்கும் பேசினோம். போகும்போது, "அப்படியானால் குழுவால் செலவு ஏற்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவு நான் தூங்கவில்லை. கோபத்தைவிட அதிகமாக இருந்தது ஒருவிதத் தனிமை. மறுநாள் ஆலயத்தில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் சிலர் போனது இன்றும் வலிக்கிறது. அந்த அத்தியாயத்தை நான் எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் கூடாது.

ஒரு குழுவுக்காக எழுதப் போகிறவர்கள் பேனாவைத் தொடுவதற்கு முன் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எவ்வளவு பணம், எந்தெந்தக் கட்டத்தில் தருவார்கள், உள்ளடக்கத்தில் கடைசிச் சொல் யாருடையது, நடுவில் விலகினால் அதுவரை ஆன செலவை யார் ஏற்பது, கையெழுத்துப் பிரதி யாருக்குச் சொந்தம் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். சபைக்காரர்களிடம் போய் ஒப்பந்தம் கேட்பதா என்று கூச்சம் வரும். கேட்பவரை யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை. நினைத்தால், அதுவே உங்களுக்குத் தெரிய வேண்டிய பதில்.

குழு விலகிய பிறகு, நின்றுவிடலாமா என்று யோசித்தேன். அப்போதுதான் 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடல்களைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மிஷனெரிகள் நிறைந்த அந்தச் சபையில் நேருக்கு நேராகச் சொன்னார். அங்கே பலர் முகம் சுளித்தார்கள். இரண்டு ஆண்டில் பேராயராகப் பரிசீலிக்கப்பட இருந்த ஒருவர், தன் எதிர்காலத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் முன்னால் பேசிய பேச்சு அது. அதைத் தமிழில் எழுதி முடித்த பிறகு நிறுத்த மனம் வரவில்லை.

டோர்னக்கல்லுக்குத் தனியாகப் புறப்பட்டேன். இன்று அது தெலங்கானாவில் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. காசிப்பேட்டை–விஜயவாடா பாதையில் உள்ள சந்திப்பு நிலையம். நெடுந்தூர விரைவு ரயில்களை நம்பி டிக்கெட் எடுக்காமல், கம்மத்திலோ வாரங்கலிலோ இறங்கி அங்கிருந்து உள்ளூர் ரயிலில் போவது நல்லது. மே மாதத்தில் மட்டும் போகாதீர்கள். எனக்கு விடுமுறையில்தான் துணைக்கு ஆள் கிடைக்கும் என்று இருந்தது, கடைசியில் அந்தத் துணையும் வரவில்லை. அந்த வெயில் நம்முடைய தேரிக்காட்டு வெயிலைவிடக் கொடியது, கடல் காற்று என்று ஒன்று அங்கே இல்லை. மயங்கி விழுந்து, கம்மத்தில் ஒரு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும்படி ஆனது. 6,000 ரூபாய் அங்கே போயிற்று. மொழி தெரியாத ஊரில் கட்டிலில் தனியாகக் கிடந்தபோது பயந்துபோனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வயதானவர்கள் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போங்கள். உங்கள் மருந்துகளின் பெயரையும் வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். என்னைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு அந்தத் தாள்தான் உதவியது.

உடல் தேறியதும் திரும்ப டோர்னக்கல் போனேன், போனதற்காக இன்றும் மகிழ்கிறேன். 1909-இல் குருப்பட்டம் பெற்று அவர் அங்கே வந்தபோது அது நிஜாமின் ஆட்சிக்கு உட்பட்ட சிற்றூர். தொடக்கத்தில் கூடாரத்தில் தங்கினார்கள். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றார். தீண்டாமைக்கு ஆளாகியிருந்த மாலா, மாதிகா சாதி மக்கள் ஊர் ஊராகச் சபைக்கு வந்தார்கள். மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் போய் அவர்களைச் சந்தித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்லச் செய்தார். அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கையும் நாட்டின் பிசாசுகள் என்று அழைத்து, உபதேசிமார்களை அவற்றோடு போராட அனுப்பினார். 1920-இல் அவருடைய பேராயத்தோடு கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிகளும் சேர்ந்தன. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, பட்டம் இல்லாமல் கல்லூரியை விட்டு வந்த அந்த மனிதருக்கு.

அங்கே இருக்கும் பேராலயத்தைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். மசூதிக்குரிய குவிமாடங்களும் கோயில் மண்டபத்துக்குரிய தூண்களும் அதற்குள் சேர்ந்து நிற்கின்றன. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து இறக்கியது போன்ற கோத்திக் கோபுரம் தன் மக்களுக்கு வேண்டாம் என்று அவர் நினைத்தார். பணப் பற்றாக்குறையால் கட்டட வேலை பல ஆண்டுகள் இழுத்து, 1939 ஜனவரி 6-ஆம் தேதிதான் பிரதிஷ்டை நடந்தது. நான் ஒரு முழுப் பகல் அதற்குள் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்தவர்கள் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து, தெலுங்கில் பேசிக்கொண்டே எனக்கு எல்லாவற்றையும் காட்டினார்கள். மொழி புரியாமலே அன்பு புரிந்தது.

அங்கே கிடைத்த தெலுங்குப் பிரசுரங்களைத் தமிழாக்க ஒருவரிடம் 15,000 ரூபாய் கொடுத்தேன். வந்தது கணினி மொழிபெயர்ப்பு. "குரு" என்ற இடமெல்லாம் பள்ளி ஆசிரியர் ஆகியிருந்தது, ஊர்ப் பெயர்கள் பொருள் பிரித்து மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. பணத்தைக் கேட்டபோது தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பவர்கள் முதலில் இரண்டு பக்கம் மட்டும் கொடுத்து, அதற்கு மட்டும் கூலி கொடுத்து, இரு மொழியும் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு மீதியைக் கொடுங்கள். திருச்சபைச் சொற்களின் பட்டியல் ஒன்றை நீங்களே எழுதிக் கொடுங்கள். பிறகு எனக்கு அந்தப் பக்கங்களை ஒழுங்காக மொழிபெயர்த்தது ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கூலியே வாங்க மறுத்துவிட்டார்.

கடிதங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு, இதை எனக்குச் சொல்லியிருந்தால் பல வாரங்கள் மிஞ்சியிருக்கும். ஆங்கிலிக்கன் பேராயர்கள் கையெழுத்துப் போடும்போது தங்கள் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயரை எழுதாமல் பேராயத்தின் பெயரை எழுதுவது மரபு. ஆகவே கடிதத்தின் அடியில் "மெட்ராஸ்" என்று மட்டும் தெரிந்தால் தேதியைப் பாருங்கள். 1861 முதல் 1899 வரை ஃபிரெடரிக் கெல், அதன் பிறகு 1922 வரை வைட்ஹெட். நூலகப் பட்டியல்களிலோ குடும்பப் பெயரில்தான் பதிவு இருக்கும். இரண்டு வகையிலும் தேடுங்கள். டின்னவேலி (திருநெல்வேலி), டிராங்கேபார் (தரங்கம்பாடி), பெஸ்வாடா (விஜயவாடா), மசூலிப்பட்டணம் (மச்சிலிப்பட்டினம்) என்ற பழைய பெயர்களிலும் தேடுங்கள். தமிழர் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னால் வருவதால், வேதநாயகம், சாமுவேல், அசரியா என்ற மூன்று எழுத்துகளின் கீழும் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசி அத்தியாயம் எனக்குக் கடினமாக இருந்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிச் சபைகளின் ஐக்கியத்துக்கு வித்திட்டவர்களில் அவர் ஒருவர். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றார். அதே மனிதரோடு 1930-களில் காந்தியடிகள் மதமாற்றத்தைப் பற்றிக் கடுமையாக முரண்பட்டார். இருவரையும் மதித்து வளர்ந்தவள் நான். ஒருவரைத் தாழ்த்தி மற்றவரை உயர்த்தாமல், இருவர் சொன்னதையும் அவரவர் சொல்லிலேயே கொடுத்தேன். இப்படிப்பட்ட இடங்களில் உங்கள் கருத்தை எழுதுவதற்கு முன், எதிர்த் தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எழுதிப் பாருங்கள். 1945 ஜனவரி 1-ஆம் தேதி டோர்னக்கல்லில் அவர் காலமானார். அவர் பாடுபட்ட தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி உருவானதை அவர் காணவில்லை.

பெரிய நஷ்டம் அச்சகத்தில்தான். நான் யூனிகோடு எழுத்துருவில் கொடுத்த கோப்பை அவர்கள் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். நான் பார்த்து ஒப்புதல் கொடுத்த மாதிரி வேறு, அச்சானது வேறு. 300 பிரதிகளிலும் ஒகரமும் ஓகாரமும் சிதறி, ஆண்டுகளில் சில இலக்கங்கள் மறைந்திருந்தன. 42,000 ரூபாய். திருத்தி அச்சிட மறுத்துவிட்டார்கள். வேறு அச்சகத்தில் மறுபடியும் செலவழித்து 200 பிரதிகள் போட்டேன். பிடிஎஃப் கோப்பாக நீங்களே மாற்றி, அந்தக் கோப்பிலிருந்துதான் அச்சிட வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். முதலில் ஒரே ஒரு பிரதியை முழுமையாக அச்சிட்டுக் கட்டச் சொல்லுங்கள். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகு மீதி அச்சாகட்டும். பாதிப் பணத்துக்கு மேல் முன்பணம் தராதீர்கள்.

புத்தகத்துக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்கள் வருவார்கள். அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் விண்ணப்பித்து இலவசமாகவே பெறலாம். புத்தகம் வந்ததும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவது சட்டப்படி பதிப்பாளரின் கடமை. மும்பையிலும் டெல்லியிலும் இதேபோல் ஒவ்வொரு நூலகம் உண்டு. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நான் அனுப்பிவிட்டேன். சாதியைப் பற்றிய அந்த அத்தியாயம் 47-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது.